ராட்டினத்துக்கு நாள் குறிக்க வந்த மருமகனுக்கு

வாரும் மருமகனே, உக்காரும். போனைக் கீழ வையும், அது எங்கயும் ஓடிராது. கிறிஸ்மஸ் பூசை முடிஞ்ச மறுநாள் ராத்திரி தூத்துக்குடியில முத்துநகர் எக்ஸ்பிரஸ். 27-ஆம் தேதி காலையில எழும்பூர். அங்ஙன இருந்து நேரே ராட்டினப் பார்க்கு. மத்தியானம் உள்ளேயே சாப்பாடு, ராத்திரி சின்னம்மை வீட்டுல படுக்கை. எம் மக எல்லாத்தையும் சொல்லிட்டா. அருமையான திட்டம்வே. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புத தமிழ்நாட்டுத் தகப்பன் அத்தனை பேரும் இதே திட்டத்தைத்தான் போட்டு வச்சிருக்கான். நம்ம சனத்துக்கு ஒத்துமை இல்லைன்னு எவன் சொன்னான்?

நான் போக வேண்டாம்னு சொல்லலை. நல்லாப் போயிட்டு வாரும். நாப்பது வருசம் தோணியில கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போயிட்டு வந்த தண்டல் நான், எவனையும் போகாதன்னு சொன்னது கிடையாது. எப்பப் போறன்னு மட்டும்தான் கேப்பேன். கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில தோணியைக் கட்டிப் போட்டுட்டு வீட்டுல இருந்தோம்னா, பயந்துக்கிட்டு இல்லை. கடல் அங்ஙனயேதான் கிடக்கும், காத்துதான் மாறும்னு தெரியும். நீரு போற பார்க்கும் அங்ஙனயேதான் கிடக்கும்.

இடத்தைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல 2025 டிசம்பர் 2-ல திறந்தாவளே வொண்டர்லா, அதைத்தானே சொல்லுதீரு? 611 கோடி ரூவா, 64 ஏக்கர், 43 ஆட்டம். தஞ்சோரான்னு ஒண்ணு இருக்காம், காலு தொங்க உக்காத்தி வச்சுத் தலைகீழாச் சுத்துதானாம். நாங்க அதைப் பருவக் காத்துல சும்மாவே அனுபவிச்சிருக்கோம். போகட்டும். நாளைக்கு 6,500 பேரு வரைக்கும் தாங்குமாம். தமிழ்நாட்டுல எத்தனை ஆயிரம் பள்ளிக்கூடம் இருக்குன்னு நீரே கணக்குப் போட்டுக்கிடும்.

அதை ஆரம்பிச்ச மனுசனை எனக்குப் பிடிக்கும்வே. கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. வி-கார்டு ஸ்டெபிலைசர் வித்தவரு. கரண்டு ஏறி இறங்காம இருக்க மிசின் வித்துச் சம்பாதிச்சு, அந்தத் துட்டுல 2000-ல கொச்சிப் பக்கம் வீகாலேண்டுன்னு ஒண்ணு திறந்து, மனுசனை ஏத்தி இறக்க மிசின் வச்சாரு. அதுதான் பிறகு வொண்டர்லா. அவருக்கு முன்னால நவோதயா அப்பச்சன், ‘மை டியர் குட்டிச்சாத்தான்’னு கண்ணாடி போட்டுப் பாக்குற படம் எடுத்தவரு, தாம்பரத்துக்கிட்ட கிஷ்கிந்தா திறந்தாரு. நம்ம தெக்கத்தி ஆளு வி.ஜி.பன்னீர்தாஸ் அண்ணாச்சி ரேடியோவைத் தவணையில வித்துப் பெரிய ஆளாகி, கடைசியில கிழக்குக் கடற்கரைச் சாலையில கடலைக் காட்டவே டிக்கெட்டு போட்டாவ. நமக்கு வாசப்படி இறங்குனா கடலு. ஒத்தப் பைசா வாங்கத் தோணலை பாத்தீரா? அதான் நாம இப்பிடி இருக்கோம்.

சரி, ரயிலுக்கு வாரும். டிசம்பர் 26-க்கு முத்துநகர்ல இடம் கிடைச்சுட்டா? இல்லை. கிடைக்காது. அறுபது நாளைக்கு முந்தியே புக்கிங் திறந்துருவான். முன்னால நூத்தி இருபது நாளா இருந்தது, 2024 நவம்பர்ல பாதியாக் குறைச்சுட்டான். அக்டோபர் கடைசியில, நீரு தீபாவளி முறுக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கும்போதே, சென்னைக்காரன் ஊருக்கு வந்து திரும்புறதுக்கு அந்த இடத்தைப் போட்டுட்டான். இனி தட்கல்தான். காலையில பத்து மணிக்கு ஏசி, பதினொண்ணுக்கு ஸ்லீப்பர், ஆதாரைக் காட்டிக்கிட்டு நாட்டுல பாதிப் பேரு ஒரே பொத்தானை அமுக்குவான். நீரு ஓ.டி.பி. வந்துச்சான்னு பாக்குறதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட் நம்பர், வாகைக்குளம் ஏர்போர்ட்ல விமானம் ஏறுன மாதிரி மேல போயிரும். கொச்சிக்குப் போறதா இருந்தா பாலருவி எக்ஸ்பிரஸ் இப்போ நம்ம ஊர்ல இருந்தே கிளம்புது. ராத்திரி ஏறினா காலையில எர்ணாகுளம். ஆனா அங்ஙனயும் கிறிஸ்மஸ்தானே? கேரளாக்காரனுக்கு மட்டும் லீவு இல்லையா?

டிக்கெட்டு விசயம் இன்னும் சுவாரசியம். திறந்தப்போ ஆளுக்கு 1,489 ரூவாயில ஆரம்பிச்சாவ. ஆன்லைன்ல போட்டா பத்து சதவீதம் குறைச்சு. லீவு நாளுக்கு ஒரு ரேட்டு, வேலை நாளுக்கு ஒரு ரேட்டுங்கறது எல்லாப் பார்க்குலயும் உள்ள வழக்கம். அதுல அரசாங்கத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2018-க்கு முந்தி 28 இருந்தது, குறைச்சிருக்காவ, கையெடுத்துக் கும்பிடும். நம்ம கரையில முத்துச் சலாபம் நடந்தப்போ என்ன வரின்னு தெரியுமா? மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்காரு. ராசாவுக்குப் பத்துல ஒண்ணு. சுறா கடிக்காம வாயைக் கட்டுத மந்திரக்காரனுக்கு இருபதுல ஒண்ணு. எழுநூறு வருசத்துல ராசா பத்துல இருந்து பதினெட்டுக்கு வந்துட்டாரு. மந்திரக்காரன் பங்கை ‘கன்வீனியன்ஸ் ஃபீஸ்’னு பேரு மாத்தி வாங்குதான். அவனாவது சுறாவைப் பாத்துக்கிட்டான்.

சலாபம்னதும் ஒண்ணு சொல்லுதேன், கேளும். எங்க காலத்துல கடைசியா நடந்தது 1961-ல. முத்துக்குளிக்க நினைச்ச உடனே எவனும் கடல்ல குதிக்கலை. முதல்ல கடலுக்கு அடியில சிப்பி கிடக்குத பாருக்குப் போயி மாதிரிக்குக் கொஞ்சம் எடுப்பான். பிளந்து பாப்பான். முத்தை யாபாரிங்க எடை போட்டு விலை சொல்லுவான். தேறும்னு தெரிஞ்சாத்தான் அரசாங்கம் தேதி குறிச்சு அறிவிப்பு விடும். தேறலைன்னா அந்த வருசம் சலாபமே கிடையாது. பத்து வருசம், இருபது வருசம் சும்மா கிடந்த காலமும் உண்டு. ஆயிரக்கணக்கான சனம், கூடாரம், கடை கண்ணி எல்லாம் அந்த ஒரு தேதியை நம்பித்தான் வந்து இறங்கும். நடுச்சாமத்துல கரைக்காத்துல பாய் விரிச்சுப் போயி, மத்தியானம் கடக்காத்துல திரும்பி வரணும். பாத்தீரா, அவ்வளவு பெரிய திருவிழாவும் நாளுக்கும் காத்துக்கும் கட்டுப்பட்டுத்தான் நடந்துச்சு. நீரு என்ன செஞ்சீரு? பள்ளிக்கூடம் என்னைக்கு மூடுதுன்னு பாத்தீரு. கிளம்பிட்டீரு.

அடுத்து பேத்தி உயரம். வயசைக் கேக்க மாட்டான்வே, உயரத்தைத்தான் கேப்பான். 85 சென்டிமீட்டருக்குக் கீழன்னா சும்மா. 85-ல இருந்து 140 வரைக்கும் பிள்ளை டிக்கெட்டு. அதுக்கு மேல பெரிய ஆளு. பஸ்ல அஞ்சு வயசுப் பயலை மூணுன்னு சொல்லி, மடியில வச்சுக் கூட்டிட்டுப் போன வம்சம் நம்மது. அந்த வித்தை இங்க செல்லாது. பேத்தி 137 இருக்கா, நேத்துத் தூண்ல நிறுத்தி டேப்பு வச்சுப் பாத்தேன். கொண்டையை மேல தூக்கிக் கட்டாம, பின்னல் போட்டுக் கூட்டிட்டுப் போரும்.

உள்ள போனா வரிசை. வரிசையில நிக்காம ஏற ஃபாஸ்ட் ட்ராக்னு ஒரு டிக்கெட்டு, விலை ஏறக்குறைய ரெண்டு பங்கு வரும். வரிசையையும் விக்கான், வரிசை இல்லாததையும் விக்கான். கூட்டம் இல்லாத நாள்ல அது தேவையே படாது. கூட்ட நாள்ல உம்மைப் போலவே நாலு பேருக்கு ஒருத்தன் அதை வாங்கிட்டு நிப்பான், பிறகு அதுக்கும் ஒரு வரிசை. இலவசமா ஒரு யோசனை வேணும்னா இது. வாசலுக்குப் பக்கத்துல இருக்குத முதல் ஆட்டத்துல ஏறாதீரும். உள்ள நுழையுத சனம் பூராவும் அதுலதான் போய் விழும். கேட்டு திறந்ததும் கடைசி மூலைக்கு நடையும். பெரிய ஆட்டத்தை முதல்ல முடியும். பேரன் ‘அப்பா, இது’ன்னு கையை இழுப்பான். இழுக்கட்டும்.

வேட்டி, சேலை, பருத்தித் துணி எதையும் தண்ணி ஆட்டத்துல விட மாட்டான். நைலான்தான். எம் மக காஞ்சிபுரம், சுங்குடின்னு எதையாவது எடுத்து வச்சிருந்தா வெளிய எடுத்து வைக்கச் சொல்லும். அங்ஙனயே வாடகைக்கும் விலைக்கும் கடை வச்சிருப்பான். மறந்துட்டு வாரவனை நம்பித்தானே கடை?

இப்போ சோத்துக்கு வருவோம். இதுதான் பெரிய விசயம், நீரு இதைத்தான் யோசிக்கவே இல்லை. ‘உள்ளேயே பாத்துக்கிடலாம் மாமா’ன்னு சொன்னீராமே?

போன வருசம் நம்ம தெருவுல ஒருத்தரு இதே மாதிரி லீவு நாள்ல ஒரு பார்க்குக்குப் போனாரு. எந்தப் பார்க்குன்னு வேண்டாம். மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாருக்கும் பசிச்சுது. ஆட்டத்துல இருந்த சனம் அத்தனையும் ஒரே நேரத்துல இறங்கிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துச்சு. கூப்பனுக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு வரிசை, உக்கார இடத்துக்குத் தின்னுக்கிட்டு இருக்கவன் முதுகுக்குப் பின்னால நின்னு முறைச்சுக்கிட்டு ஒரு வரிசை. சோறு கைக்கு வந்தப்போ மூணரை. சின்னப் பய தூங்கிட்டான். ஊருக்கு வந்து எங்கிட்ட, ராட்டினம் நல்லா இருந்துச்சு அண்ணாச்சின்னாரு. எத்தனை ராட்டினம்னு கேட்டேன். பதில் சொல்லலை மனுசன், வெத்தலை போட ஆரம்பிச்சுட்டாரு.

இது நம்ம ஊரு வியாதின்னு நினைக்காதீரும். வால்ட் டிஸ்னி அமெரிக்காவுல டிஸ்னிலேண்டு திறந்தது 1955 ஜூலை 17. கூப்பிட்டதைப் போல ரெண்டு மடங்கு சனம், கள்ள டிக்கெட்டு வேற. ஒரு ஆளு வேலியில ஏணியைச் சாத்தி வச்சு, ஏறிக் குதிக்க ஆளுக்கு அஞ்சு டாலர் வாங்கிருக்கான். நம்ம ஆளா இருப்பானோன்னு எனக்கு ஒரு சந்தேகம். சாப்பாடு தீந்து போச்சு. குழாய் வேலைக்காரங்க ஸ்ட்ரைக்கு, கக்கூசுக்குத் தண்ணி விடவா, குடிக்கவான்னு கேட்டதுக்கு டிஸ்னி கக்கூசுக்கு விடுன்னுட்டாரு. குடிக்கத் தண்ணி இல்லாத சனம், பெப்சி விக்கத்தான் இந்த வேலைன்னு ஏசிச்சு. புதுசாப் போட்ட தாரு ரோடு வெயில்ல இளகி, பொம்பளைங்க செருப்புக் குதி உள்ள போய் மாட்டிக்கிட்டு. உலகத்துலயே பெரிய திட்டக்காரன் போட்ட முதல் நாளு இப்பிடி. நீரு இந்தப் போனை வச்சுக்கிட்டு...

எம் மக புளியோதரை கட்டுதேன்னா. கட்டட்டும். கேட்டுல பையைத் திறந்து பாப்பான், வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லைம்பான். சண்டை போடாதீரும். 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு. சினிமாக் கொட்டகைக்குன்னு வந்த தீர்ப்புதான். இடத்துக்காரன் வெளிச் சாப்பாடு கூடாதுன்னு சொல்லலாம், ஆனா குடிக்கத் தண்ணி சும்மா கொடுக்கணும், கைப்பிள்ளைக்குக் கொண்டு வாரதைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜிலேபி தின்னுட்டு விரலைச் சீட்டுல துடைச்சா, கழுவ யாரு துட்டு கொடுப்பான்னு தலைமை நீதிபதி கேட்டிருக்காரு. வீட்டுல பிள்ளைகளை வளத்த மனுசன் கேக்குத கேள்விவே அது. அதே மாதிரி, உள்ள ஓட்டல்ல உக்காந்து தண்ணி பாட்டில் வாங்கிட்டு எம்.ஆர்.பி.யைக் காட்டிச் சட்டம் பேசாதீரும். ஓட்டல்ல பரிமாறினா கூட வாங்கலாம்னு 2017-லயே தீர்ப்பு இருக்கு. சும்மா கிடைக்குத தண்ணிக் குழாய் எங்கன்னு முதல்ல விசாரியும். எப்பவும் அது கக்கூசுப் பக்கம் ஒரு மூலையில, போர்டு இல்லாம இருக்கும்.

மக்ரூன் வேற நாலு பெட்டி வாங்கி வச்சிருக்கீராமே, பிள்ளை பையில ஒளிச்சுக் கொண்டு போக. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் அடிச்சு ஊத்துன சாமான், நாக்குல பட்டாலே கரையும். அதைத் தண்ணிப் பார்க்குக்குக் கொண்டு போறீரு. உம்ம மூளையை மாதா காப்பாத்தட்டும்.

நான் சொல்லுத மாதிரி செய்யும். புளியோதரையைக் கேட்டுக்கு வெளியவே, திறக்குததுக்கு முன்னால தின்னு முடிச்சிரும். உள்ள போன பிறகு பதினொன்றரைக்கே சாப்பிடணும், இல்லைன்னா ரெண்டரைக்கு. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடம் பக்கமே தலை வச்சுப் படுக்காதீரும். அந்த நேரத்துல ஆட்டத்துல வரிசை குறையும், ஏறிக்கிடலாம். தண்ணி ஆட்டத்துக்கு முன்னால வயித்தை நிரப்பாதீரும். சங்கு குளிக்கப் போறவன் எவனாவது வயிறு முட்டத் தின்னுட்டு முங்கிப் பாத்திருக்கீரா? மேல வந்துதான் அவனுக்குச் சோறு. நீரு ரெண்டு பிரியாணியைத் தின்னுட்டு அலைக் குளத்துல இறங்குவீரு, பிறகு அலை வேற நிறமா வரும். ராத்திரிச் சாப்பாட்டை உள்ள வச்சுக்கிடவே வேண்டாம். வெளிய ஓ.எம்.ஆர்.ல நூறு ஓட்டல். நம்ம ஊரு நைட் கிளப்பு மாதிரி — பரோட்டாக் கடையைத்தான் சொல்லுதேன், வெளியூர்க்காரன் காதுல விழுந்துரப் போவுது — பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் கிடைக்காது. ஆனா நம்ம ஆளு எவனாவது அங்ஙனயும் ஒரு கடை போட்டிருப்பான், விசாரியும்.

இன்னொண்ணு. டிசம்பர்னா உமக்குக் கேக்கும் ஸ்டாரும்தான் ஞாபகம். எனக்கு 2023 டிசம்பர் 17 ஞாபகம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து கிளம்புன செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னது நின்னதுதான். எண்ணூறு பேரு. எல்லாரும் உம்மைப் போலத் திட்டம் போட்டவங்கதான், காலையில சென்னையில இறங்கணும், ஆபீசு போகணும்னு. தண்டவாளத்துக்கு அடியில மண்ணை வெள்ளம் அரிச்சுக்கிட்டுப் போச்சு. முன்னூறு பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாவ, மத்தவங்க ரயில்லயும் ஸ்டேசன்லயும். ஹெலிகாப்டர்ல சாப்பாடு வந்து சேருததுக்கு முன்னால சோறு போட்டது யாரு? புதுக்குடிச் சனம். அவங்க வீட்டுலயும் தண்ணி. இருந்த அரிசியைக் கோயில்ல வச்சுப் பொங்கிச் சுமந்துக்கிட்டு வந்து கொடுத்தாவ. ரெண்டு நாளு. பிறகு மணியாச்சியில இருந்து தனி ரயில் விட்டு அனுப்புனாவ. அதனால, ரயிலுக்குக் கட்டுத சோத்தை மட்டும் குறைக்காதீரும்னு எம் மக கிட்ட நானே சொல்லிட்டேன். எட்டு பேரு சாப்பாடு கட்டுவா. நீங்க நாலு பேருதான். கேள்வி கேக்காம தூக்கிட்டுப் போரும்.

ஆனா நீரு 27-ஆம் தேதி போகப் போறதில்லை. டிக்கெட்டு கிடைக்காது, கிடைச்சாலும் நான் விட மாட்டேன். என்னைக்குப் போகணும்னு சொல்லுதேன். உள்ளூர் விடுமுறைன்னு ஒண்ணு இருக்கு, வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு நம்ம மாவட்டத்துக்கு மட்டும் லீவு. சென்னையில பள்ளிக்கூடம் நடக்கும், பார்க்கு காத்தாடும். ஆனா அன்னைக்கு நீரு ஊரைத் தாண்டக் கூடாது, மாதாவும் விட மாட்டா, உம்ம மாமியாளும் விட மாட்டா. ராட்டினம்தான் வேணும்னா கோயில் திருவிழாவுலயே போட்டிருப்பான், திருவிழா முடியுத வரைக்கும் சுத்தும். இன்னொரு நாளு இருக்கு. திருச்செந்தூர் சூரசம்ஹாரம். அதுக்கும் உள்ளூர் விடுமுறை விடுவாவ. லட்சக்கணக்குல சனம் வடக்க இருந்து திருச்செந்தூர் பாத்து வரும். நீரு முந்தின ராத்திரி வடக்க பாத்துப் போரும். வார ரயில்லதான் அடிதடி, போற ரயில்ல காலை நீட்டிக்கிடலாம். தீபாவளிக் கூட்டமும் அதுக்குள்ள வடிஞ்சிருக்கும். சம்ஹாரம் முடிஞ்சு கூட்டம் சென்னைக்குத் திரும்புத ராத்திரி, நீரு தூத்துக்குடிக்குத் திரும்பும். முருகன் என்னைத் திட்டுவாரோன்னு கேக்கீரா? நான் மாதா கட்சி, ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டும்.

ஐப்பசியில மழை பெய்யும்பீரு. பெய்யட்டும், நீரு நனையத்தானே துட்டு கொடுக்கீரு? இடி இடிச்சா மட்டும் ஆட்டத்தை நிறுத்துவான். அந்த லீவை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் வச்சு ஈடு கட்டிருவாவ, அதுக்கும் நான் பொறுப்பில்லை.

அதுக்குள்ள பேத்தி 140-ஐத் தாண்டிருவா, முழு டிக்கெட்டு ஆயிரும்னு உம்ம மூஞ்சி சொல்லுது. ஆகட்டும்வே. பெரிய ஆட்டம் பலதுல அந்த 140 இருந்தாத்தான் ஏத்துவான். 137-ல கூட்டிட்டுப் போனா துட்டு மிச்சம், ஆனா பிள்ளை கீழ நின்னு மத்தவன் கத்துததைப் பாத்துட்டு வருவா.

பிறகு, புக்கிங் அறுபது நாளைக்கு முந்தி திறக்கும்போது நாலு டிக்கெட்டு போடாதீரும், அஞ்சாப் போடும். ரயில்ல கிழவனுக்குக் கொடுத்த சலுகையை 2020 மார்ச்ல நிறுத்துனவன் இன்னும் தரலை. ராட்டினக்காரன் பல பார்க்குல சீனியர் சிட்டிசனுக்குத் தனி ரேட்டு வச்சிருக்கான், அதை வீணாக்கக் கூடாது. காலு தொங்குதே அந்தத் தஞ்சோரா, அதுல ரத்தக் கொதிப்பு உள்ளவனை ஏத்த மாட்டானாம். எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கான்னு அங்ஙன எவனாவது கேட்டா, எம் மக வாயைத் திறக்காமப் பாத்துக்கிடும். வேட்டியோட விட மாட்டான்னு நானே சொல்லிட்டேன். பஜார் பக்கம் போனா ஒரு நைலான் டவுசர் வாங்கி வையும். இடுப்பு முப்பத்தாறு. முட்டுக்குக் கீழ வரணும்.